சுவர் திருப்பித் தரும் வெளிச்சம்

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டை மாவட்டத்தின் வரலாறும் இன்றைய அறிவியலும் சந்திக்கும் ஏதாவது ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கள் என்று அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது, கணினிக்குள் ஒளியை ஓடவிட்டுப் படம் உண்டாக்கும் 'ரே டிரேசர்' என்ற நிரல். அந்த நிரலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நுழைய விரும்பும் இடம், அன்னவாசல் பக்கத்தில் இருக்கும் சித்தன்னவாசல் அறிவர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில் கூரையிலும் தூணிலும் சுவரிலும் வண்ணம் புதிதாக இருந்தபோது அந்தக் குடைவரைக்குள் எவ்வளவு வெளிச்சம் இருந்தது? கூரையில் எழுதிய தாமரைக் குளத்தை அன்று அண்ணாந்து பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விகளுக்குக் கற்பனையால் பதில் சொல்பவர்கள் உண்டு. கணக்கால் பதில் தேட முடியும் என்று காட்டுவதே இன்று என் நோக்கம். அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் நம் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

முதலில் அடிப்படை. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1525-ல் வெளியிட்ட அளவையியல் நூலில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. சுவரில் ஓர் ஆணி. அதுதான் பார்ப்பவர் கண். ஆணியிலிருந்து ஒரு கயிறு புறப்பட்டு, நடுவில் நிறுத்திய ஒரு சட்டத்தின் வழியாகச் சென்று, மேசைமேல் கிடக்கும் நரம்பிசைக் கருவியைத் தொடுகிறது. கயிறு சட்டத்தை எந்த இடத்தில் கடக்கிறதோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். கருவியின் மேல் பல இடங்களைத் தொட்டுப் பல புள்ளிகள் வைத்தால் ஓவியம் கிடைத்துவிடும். சட்டத்துக்குப் பதில் கணினித் திரை, கயிற்றுக்குப் பதில் ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு, புள்ளிக்குப் பதில் பிக்சல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ரே டிரேசரின் முதல் படி முடிந்தது.

ஒளி விளக்கிலிருந்து கண்ணுக்கு வருகிறது. நாமோ கண்ணிலிருந்து கதிரை அனுப்புகிறோம். இது தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். கண்ணின் கதிர் வெளியே சென்று பொருளைத் தொடுவதால்தான் காட்சி பிறக்கிறது என்று நம் நியாய தரிசனத்தார் வாதிட்டார்கள். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்பதைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு அல்ஹைதம் நிறுவினார். உண்மை அவர் பக்கம்தான். ஆனால் ஒளி போன பாதையிலேயே திரும்பவும் வரக்கூடியது. விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் நம் கண்ணுக்கு வந்து சேர்வது மிகமிகச் சிறு பங்கு. விளக்கிலிருந்து தொடங்கினால் கணினி தன் உழைப்பை எல்லாம் கண்ணுக்கு வராத கதிர்கள் மேல் கொட்டிவிடும். அதனால் கண்ணிலிருந்து பின்னோக்கித் தேடுகிறோம்.

கதிர் ஒரு பொருளில் முட்டுகிறதா என்று எப்படி அறிவது? பத்தாம் வகுப்பில் படித்த இருபடிச் சமன்பாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கதிர் ஒரு தொடக்கப் புள்ளியும் ஒரு திசையும் கொண்ட கோடு; அந்தக் கோட்டில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதற்கு t என்று பெயர் வைப்போம். பொருள் ஒரு கோளம் என்றால், கோட்டின் சமன்பாட்டைக் கோளத்தின் சமன்பாட்டுக்குள் இட்டதும் t-யில் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் தன்மைகாட்டி குறை எண் என்றால் கதிர் கோளத்தைத் தொடவில்லை. சுழி என்றால் உரசிப் போகிறது. மிகை எண் என்றால் இரண்டு இடங்களில் வெட்டுகிறது. அவற்றில் நமக்கு முன்னால் அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூலங்களின் தன்மையைக் கண்டுபிடி என்று தேர்வுத்தாளில் வரும் ஐந்து மதிப்பெண் கேள்வி, இங்கே ஒரு பந்து கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை முடிவுசெய்கிறது. இதை முதன்முதலில் தன் கையால் எழுதி, திரையில் ஒரு வட்டம் நிரம்பி வருவதைப் பார்க்கும் மாணவருக்கு அந்தப் பாடம் ஒருபோதும் மறக்காது. பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடையை நான் கண்டதில்லை.

முட்டிய இடம் கிடைத்ததும் அந்த இடம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து விளக்கை நோக்கி இன்னொரு கதிரை அனுப்புவோம். வழியில் தடை இருந்தால் அது நிழல். தடை இல்லையென்றால், ஒளி வரும் திசைக்கும் பரப்பின் செங்குத்துக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன் அளவுக்கு அந்த இடம் வெளிச்சம் பெறும். லாம்பர்ட் 1760-ல் எழுதிய விதி இது. இரண்டு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம் என்று மேல்நிலை வகுப்பில் படித்தீர்களே, அந்தக் கொசைனைத் தருவது அதுதான். நிழலுக்குக் கதிர் அனுப்பும் இந்த வழியை 1968-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆர்தர் அப்பெல் கையாண்டார். பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டட் 1980-ல் வெளியிட்ட கட்டுரையில், கண்ணாடிப் பந்தில் முட்டிய கதிர் எதிரொளித்து ஒன்றாகவும் விலகி ஒன்றாகவும் பிரிந்து மேலும் பயணம் போனது. ஒரு சார்பு தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் நிரல் அது. ஒற்றைப் படத்துக்கு அன்றைய வாக்ஸ் கணினி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அந்த நேரத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல், கதிர் எங்கே முட்டுகிறது என்று தேடுவதிலேயே போயிற்று.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. முதல் படம் வந்ததும் பரப்பெங்கும் கரும்புள்ளிகள் அப்பியிருக்கும். கணினியின் தசம எண்கள் முழுத் துல்லியம் இல்லாதவை. முட்டிய புள்ளி பரப்புக்குள் மயிரிழை அளவு இறங்கிவிடும். அங்கிருந்து விளக்குக்குப் புறப்படும் கதிர் தான் நிற்கும் பரப்பிலேயே மறுபடி முட்டி, இது நிழல் என்று சொல்லிவிடும். 0.001-க்குக் குறைவான t-யை ஏற்காதே என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். இன்னொன்று, திரைக்கு அனுப்பும் எண். பாதி ஒளி என்றால் 255-ல் பாதியான 128 என்று எழுதக் கூடாது. திரை எண்களைப் புரிந்துகொள்ளும் முறைப்படி அது 188. இதைச் செய்யாத படத்தில் இருட்டான மூலைகள் எல்லாம் கரியாகிவிடும். குகையைப் படம் எடுக்க வந்தவர்களுக்கு இது சிறு பிழை அல்ல.

இனி சித்தன்னவாசலுக்குப் போவோம். மலையின் மேற்குச் சரிவில் குடைந்த சமணக் கோயில் அது. அர்த்தமண்டபம் சுமார் இருபத்திரண்டு அடி நீளம், ஏழரை அடி அகலம். அதற்குப் பின்னால் ஒன்பதரை அடி அளவில் சதுரமான கருவறை. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்த மண்டபத்தைப் புதுப்பித்து முன்னால் முகமண்டபமும் எடுத்தார் என்று பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியங்கள் இருப்பதை ஆய்வாளர் கோபிநாத ராவ் கவனித்தார். 1920-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் உலகறியச் செய்தார். அர்த்தமண்டபக் கூரையில் தாமரைக் குளம்: மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆடவர். தூண்களில் ஆடல் மகளிர். இன்று நாம் பார்ப்பது மிச்சம் மட்டுமே. ஒரு காலத்தில் கூரை, தூண், சுவர், சிற்பம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புக் காரை பூசி வண்ணம் தீட்டியிருந்தார்கள். கீழ்ச்சுவர்களில் காரை உதிர்ந்து பாறை வெளியே தெரிகிறது.

இந்தக் குகையை விட்டட் முறையில் படம் எடுத்தால் என்ன ஆகும்? மாலையில் வாசல் வழியாக வெயில் விழும் தரை மட்டும் பளிச்சென்று வரும். கூரை முழு இருட்டு. ஏனென்றால் கூரையிலிருந்து சூரியனை நோக்கி அனுப்பும் எந்தக் கதிரும் பாறையைத் தாண்டாது. ஆனால் நேரில் போனவர்களுக்குத் தெரியும், கூரை தெரிகிறது, தாமரை தெரிகிறது. அந்த வெளிச்சம் தரையில் பட்டு எழுந்து, சுவரில் பட்டுத் திரும்பி, பக்கத்துத் தூணில் பட்டுச் சிதறி வந்த வெளிச்சம். கணினிப் படம் உண்மைபோல் இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சுற்றி வரும் வெளிச்சமே. கண்ணாடிப் பந்தும் பளபளப்பும் பார்ப்பவரை மயக்கும். குகையின் கூரைக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

1984-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தார், பக்கச் சுவர்கள் இரண்டுக்கும் வேறு வேறு வண்ணம் கொடுத்த ஒரு வெறும் பெட்டியைக் கணினியில் கணக்கிட்டார்கள். சுவரின் நிறம் அருகில் இருக்கும் வெள்ளைப் பரப்பின் மேல் படிவதை அந்தப் படம் காட்டியது. அதோடு நிற்காமல், உண்மையான பெட்டி ஒன்றைச் செய்துவைத்துக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பிறகு இதற்கே திரும்பி வருவேன். இரண்டு ஆண்டு கழித்து, 1986-ல், ஜேம்ஸ் கஜியா எல்லா முறைகளையும் ஒரே தொகையீட்டுச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஓர் இடத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, அந்த இடம் தானே வெளியிடும் ஒளியும், எல்லாத் திசைகளிலிருந்தும் அங்கு வந்து விழுந்து நம் பக்கம் திரும்பும் ஒளியும் சேர்ந்தது. அந்த எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒளியும் இப்படியே வேறு இடங்களிலிருந்து வந்தது. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் தெரியாத ஒளியே உட்கார்ந்திருக்கிறது. தாளில் தீர்க்க முடியாது.

அதனால் மாதிரி எடுக்கிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஒளிக்கு ஒரு சோறு போதாது, ஆயிரம் சோறு எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். கதிர் முட்டிய இடத்திலிருந்து ஏதோ ஒரு திசையில் குருட்டாம்போக்கில் அடுத்த கதிரை அனுப்புவது, அது முட்டிய இடத்திலிருந்து இன்னொன்று, இப்படியே விளக்கையோ வானத்தையோ அடையும் வரை. 1940-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் நியூட்ரான்களின் போக்கைக் கணக்கிட உருவான மான்டி கார்லோ முறை இது. இதன் விதி கடுமையானது: படத்தில் தெரியும் மணல்போன்ற இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு மாதிரி வேண்டும். 1920-க்கு 1080 அளவுள்ள படத்தில் 20,73,600 பிக்சல்கள். பிக்சலுக்கு ஆயிரம் பாதை, பாதைக்குப் பத்துத் திருப்பம் என்றால் இரண்டாயிரம் கோடிக் கதிர்களுக்கு மேல். குகையின் வடிவத்தைப் பத்து லட்சம் முக்கோணங்களாக அளந்து வைத்திருந்தால், ஒவ்வொரு கதிரையும் ஒவ்வொரு முக்கோணத்தோடும் ஒப்பிட எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. முக்கோணங்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைத்துத் தேடினால் இருபதைச் சுற்றிய அடுக்குகளில் முடிந்துவிடும். 2018-லிருந்து விளையாட்டுக்கான கிராபிக்ஸ் அட்டைகளிலேயே இந்தத் தேடலைச் செய்யும் தனிச் சுற்றுகள் வந்துவிட்டன.

இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். எல்லாப் பக்கமும் மூடிய ஓர் அறையை எண்ணிக்கொள்ளுங்கள். விளக்கிலிருந்து சுவருக்கு நேராக விழும் ஒளியை 1 என்று வைப்போம். சுவர் தன்மேல் விழுவதில் 0.8 பங்கைத் திருப்பித் தருகிறது என்றால், இரண்டாம் முறை விழுவது 0.8, மூன்றாம் முறை 0.64, அப்புறம் 0.512. இது பெருக்குத் தொடர். முடிவிலி வரை கூட்டினால் 1-ஐ 0.2-ஆல் வகுக்க வேண்டும்: விடை 5. அதாவது சுவர்மேல் இருக்கும் மொத்த வெளிச்சம், விளக்கு நேராகக் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு. அதே அறையில் சுவர் 0.3 பங்கைத்தான் திருப்பித் தருகிறது என்றால் 1-ஐ 0.7-ஆல் வகுக்கிறோம்: சுமார் 1.43. முதல் சுவர் புதுச் சுண்ணாம்புப் பூச்சு போன்றது. இரண்டாவது சுவர் வெறும் பாறை போன்றது. ஒரே விளக்கு, ஒரே அளவு அறை. ஒன்றில் இன்னொன்றைவிட மூன்றரை மடங்கு வெளிச்சம்.

சித்தன்னவாசல் மூடிய அறை இல்லை. வாசல் வழியாக ஒளி வெளியேறிவிடும். ஓவியம் தீட்டிய சுவர் வெறும் சுண்ணாம்பைவிடக் குறைவாகவே திருப்பும். ஆகவே மூன்றரை என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மை எண்ணைச் சொல்லத்தான் ரே டிரேசர் வேண்டும். ஆனால் திசை ஐயத்துக்கு இடமில்லாதது. காரை முழுவதும் இருந்த காலத்தில் அந்த மண்டபம் இன்று நாம் காண்பதைவிட வெளிச்சமாக இருந்தது. கூரையின் தாமரைக் குளத்துக்கு வெளிச்சம் கொடுத்ததில் சுவர்களின் காரைக்குப் பெரும் பங்கு உண்டு. காரை உதிர்ந்தபோது அந்தச் சுவரில் இருந்த ஓவியம் போனதோடு, உதிராமல் நிற்கும் கூரை ஓவியத்தின் வெளிச்சமும் சேர்ந்து போயிற்று. ஒரு சுவரின் அழிவு எதிர்ச்சுவரையும் இருட்டாக்குகிறது. பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ஓவியத்தைச் சதுர அடியில் அளக்கிறோம். இந்த இழப்பு அந்த அளவில் வருவதே இல்லை.

நிறத்துக்கும் இதே கணக்கு. காவியும் மஞ்சளும் கலந்த சுவர் சிவப்பு ஒளியில் 0.8 பங்கும் நீல ஒளியில் 0.6 பங்கும் திருப்புகிறது என்று கொள்வோம். ஒரே ஒரு முறை பார்த்தால் சிவப்பு நீலத்தைவிட மூன்றில் ஒரு பங்கே கூடுதல். பல முறை சுற்றிய பிறகு சிவப்பு ஐந்து மடங்கு, நீலம் இரண்டரை மடங்கு, சிவப்பு இரட்டிப்பாகிவிட்டது. சுற்றச் சுற்ற நிறம் கனக்கிறது. அந்த மண்டபத்தில் நின்றவர்கள் வெள்ளை வெளிச்சத்தில் நிற்கவில்லை, ஓவியமே கலந்துகொடுத்த ஒரு பொன்னிற வெளிச்சத்தில் நின்றார்கள் என்று நான் கருதுகிறேன். இது என் ஊகம். சரிபார்க்கும் வழி இருப்பதால்தான் துணிந்து சொல்கிறேன்.

நிரலுக்கும் இதில் பாடம் உண்டு. நேரம் மிச்சம் பிடிக்க ஐந்து திருப்பத்தோடு பாதையை வெட்டிவிடுவது வழக்கம். வெறும் பாறைக் குகைக்கு அது போதும்; இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காரை பூசிய குகையில் 0.8-ன் ஆறாம் அடுக்கு 0.26, மொத்த ஒளியில் கால் பங்கு காணாமல் போகும். பழைய குகை உண்மையில் இருந்ததைவிட இருட்டாக வரும். பார்ப்பவர் அதையே வரலாறு என்று நம்புவார். இதற்கு 1990-ல் ஆர்வோவும் கர்க்கும் துகள் இயற்பியலிலிருந்து ஒரு வழியைக் கொண்டுவந்தார்கள்: ஒவ்வொரு திருப்பத்திலும் சீட்டுக் குலுக்கிப் பாதையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய், தொடரும் பாதைக்கு அதற்கேற்ப எடையைக் கூட்டு. சராசரி பிழையில்லாமல் வரும்.

கருவறை இன்னும் கடினமான இடம். வெளி வெளிச்சம் அர்த்தமண்டபத்துக்குள் வந்து, அதன் ஒரு பகுதி சிறு வாசல் வழியாக உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பத்திலிருந்து குருட்டாம்போக்கில் புறப்படும் கதிர்களில் மிகச் சிலவே இரண்டு வாசல்களையும் கண்டுபிடித்து வானத்தை அடையும். படம் மணல் மூடியதுபோல் இருக்கும். 1990-களில் எரிக் வீச் இதே சிக்கலுக்காக உழைத்தார். சற்றே திறந்த கதவின் வழியாக அடுத்த அறை வெளிச்சம் கசிந்து வரும் அவருடைய சோதனைப் படம் இந்தத் துறையில் புகழ்பெற்றது. கண்ணிலிருந்து ஒரு பாதை, விளக்கிலிருந்து ஒரு பாதை, இரண்டையும் நடுவில் இணைப்பது ஒரு வழி. வெளிச்சம் கொண்டுவந்த ஒரு நல்ல பாதை கிடைத்ததும் அதைச் சிறிது சிறிதாக அசைத்து அதன் அண்டை வழிகளைத் தேடுவது இன்னொன்று.

கருவறைக்குள் வானத்தின் ஒளியைவிட விளக்கின் ஒளி முக்கியம். விளக்கு என்றால் சுடர், சுடர் என்றால் புகை, புகைக்குள் நுழையும் கதிர் எந்தப் பரப்பிலும் முட்டாமல் நடுவழியிலேயே சிதறும். இந்தச் சிதறலின் கணக்கை முழுமையாக எழுதியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்ரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் வளிமண்டலத்துக்குள் ஒளி எப்படி ஊடுருவி வெளியே வருகிறது என்பதற்காக அவர் எழுதிய கதிர்வீச்சுப் பரிமாற்றம் பற்றிய நூல் 1950-ல் வெளிவந்தது. கணினி வரைகலை என்ற துறையே அன்று பிறக்கவில்லை. 1984-ல் கஜியாவும் வான் ஹெர்சனும் மேகத்தைப் படமாக்க முயன்றபோது அவர்கள் கையில் எடுத்தது அந்தக் கதிர்வீச்சுப் பரிமாற்றச் சமன்பாட்டைத்தான். இன்று திரையில் நீங்கள் காணும் புகை, மூடுபனி, வெயிலில் சிவக்கும் காதுமடல் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கணிதம் இருக்கிறது. சந்திரசேகர் எல்லையை நம் பாடநூல்கள் சொல்கின்றன, இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

சுடரின் நிறமும் கணக்கில் வர வேண்டும். 2001-ல் கேட் டெவ்லினும் ஆலன் சால்மர்ஸும் பொம்பெயி நகரத்துச் சுவரோவியங்களை, அக்காலத்து எண்ணெய் விளக்கின் ஒளி நிறமாலையை வைத்துக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்றைய மின்விளக்கில் தெரியும் வண்ணமும் அன்றைய சுடரில் தெரிந்த வண்ணமும் ஒன்றல்ல. நமக்கு இலுப்பெண்ணெய், நெய், விளக்கெண்ணெய் என்று வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றின் சுடரையும் நிறமாலைமானியில் வைத்து அளப்பது கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நடக்கக்கூடிய வேலை. சித்தன்னவாசலின் வண்ணப் பொருள்களைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களிலேயே ஆராய்ந்திருக்கிறார். கனிம வண்ணங்கள் அவை. சிவப்பும் மஞ்சளும் காவிக்கற்கள், கறுப்பு கரி, வெள்ளை சுண்ணாம்பு. அதே பொருள்களைக் காரைமேல் தீட்டி, எந்த நிறத்தை எவ்வளவு திருப்புகின்றன என்று அளந்துகொள்ளலாம்.   

இனி நான் கவலையோடு சொல்ல வேண்டியது. ரே டிரேசர் தரும் படம் புகைப்படம்போல் இருக்கும். புகைப்படம்போல் இருப்பதாலேயே அது சாட்சி ஆகிவிடாது. நாம் கொடுத்த எண்களுக்கு அது கணக்கு மட்டுமே. சித்தன்னவாசலில் இன்று முன்னால் நிற்கும் தூண் மண்டபம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை சமஸ்தானம் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து எழுப்பியது. இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் நிற்கவில்லை. அதன் ஆழமும் உயரமும் நமக்குக் கிடைக்கவில்லை. வாசலுக்கு முன்னால் எத்தனை அடி கூரை நீள்கிறது என்பதுதான் உள்ளே எவ்வளவு வானம் தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆக, ஒன்பதாம் நூற்றாண்டின் ஒரே உண்மைப் படம் என்று எதையும் போட முடியாது. மண்டபம் ஆறடி என்றால் இப்படி, பத்தடி என்றால் இப்படி, காரை இவ்வளவு திருப்பினால் இப்படி என்று ஒரு படத்தொகுதியைப் போடலாம். எல்லாப் படத்திலும் மாறாமல் வருவது எதுவோ அதை உறுதியாகச் சொல்லலாம். ஒரே ஒரு அழகான படத்தைப் போட்டுவிட்டு, எந்த எண்ணை வைத்தோம் என்று எழுதாமல் விடுவதை நான் குற்றமாகவே கருதுகிறேன். அந்தப் படம் பாடநூலுக்கும் சுற்றுலாக் கையேட்டுக்கும் போய்விட்டால் யாராலும் திரும்பப் பெற முடியாது. மரபுச் சின்னங்களைக் கணினியில் மீட்டுருவாக்குபவர்கள் எது சான்று, எது ஊகம் என்பதைப் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று 2006-ல் லண்டன் சாசனம் வகுத்தது. அதைத் தமிழில் வைத்துக்கொண்டு நம் கல்லூரிகள் தொடங்க வேண்டும்.

ஆகவே வேலையின் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் இன்றைய குகையைக் கணக்கிட வேண்டும், பழைய குகையை அல்ல. இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதியோடு, தொடாமல் அளக்கும் முறைகளால் வடிவத்தை எடுப்பது. லக்ஸ் மீட்டர் ஒன்றை வைத்துத் தரையில், சுவரோரம், கருவறை வாசலில் என்று குறித்த இடங்களில் குறித்த நேரங்களில் வெளிச்சத்தை எழுதிக்கொள்வது. மேற்கு நோக்கிய கோயில் என்பதால் மாலைக் கதிர் முக்கியம். அது ஜூனில் மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்தும் டிசம்பரில் தெற்கே சாய்ந்தும் வரும், இரண்டு பருவத்திலும் அளக்க வேண்டும். பிறகு நிரல் சொல்லும் எண்ணும் மீட்டர் சொன்ன எண்ணும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது, கார்னெலில் பெட்டியைச் செய்து ஒப்பிட்டதுபோல. ஒத்துவந்த பிறகுதான் கணினிக்குள் காரையைப் பூசவும் தூண்களை எடுக்கவும் விளக்கை ஏற்றவும் நமக்கு உரிமை. ஒத்துவராவிட்டால் படத்தை வெளியிடக் கூடாது.

இதற்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை. பீட்டர் ஷெர்லி 2016-ல் எழுதிய, ஒரு வார இறுதியில் ரே டிரேசர் எழுதக் கற்றுத்தரும் சிறு நூல் இலவசமாகவே கிடைக்கிறது. கிரெக் வார்ட் உருவாக்கிய ரேடியன்ஸ் என்ற மென்பொருள் ஒளியை லக்ஸ் கணக்கிலேயே தரும்; பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளும் இலவசம். ஆனால் என் வேண்டுகோள், முதல் நிரலை நீங்களே எழுதுங்கள். கோளத்தில் தொடங்குங்கள், பிறகு தளம், பிறகு முக்கோணம், பிறகு ஒளி சுற்றட்டும். நீங்கள் எழுதாத நிரல் தந்த படத்தில் கூரை இருட்டாக இருந்தால் ஒன்பதாம் நூற்றாண்டே இருட்டாக இருந்தது என்று எண்ணிவிடுவீர்கள். நீங்கள் எழுதிய நிரலில் அது ஐந்தாம் திருப்பத்தில் வெட்டிய பாதை என்று தெரியும்.

கணினித் துறை, இயற்பியல் துறை, வரலாற்றுத் துறை மூன்றிலிருந்தும் மாணவர்கள் சேர்ந்தால் இந்தக் கல்வியாண்டிலேயே இன்றைய குகையின் கணக்கை முடிக்கலாம். அனுமதி விண்ணப்பத்தின் வரைவையும், அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலையும் உங்கள் துறைத்தலைவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.